ஆல்டிஹைடா, ஆல்கஹாலா? செய்முறை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்நிலை வகுப்பிலும் இளநிலைப் பட்டப் படிப்பிலும் கரிமப் பகுப்பாய்வு செய்யும் மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நிறமற்ற ஒரு திரவத்தைக் கையில் கொடுத்து, அது ஆல்டிஹைடா ஆல்கஹாலா என்று கேட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இவை அனைத்தின் மையம்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மூலக்கூறில் எங்கே இருக்கிறது?

ஆல்கஹாலில் கார்பனோடு ஹைட்ராக்சில் தொகுதி ஒற்றைப் பிணைப்பில் இணைந்திருக்கிறது. ஆல்டிஹைடில் கார்பனும் ஆக்ஸிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கின்றன; இந்த இணைக்குக் கார்பனைல் தொகுதி என்று பெயர். அந்தக் கார்பனோடு குறைந்தது ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்திருக்கிறது. ஓரிணைய ஆல்கஹாலிலிருந்து (ஹைட்ராக்சில் உள்ள கார்பனோடு ஒன்றுக்கு மேல் கார்பன் சேராத ஆல்கஹால்) இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை நீக்கினால் ஆல்டிஹைடு கிடைக்கும். 'ஹைட்ரஜன் நீக்கப்பட்ட ஆல்கஹால்' என்ற பொருள் தரும் இலத்தீன் தொடரைச் சுருக்கித்தான் ஜெர்மானிய வேதியியலாளர் யூஸ்டுஸ் ஃபான் லீபிக் 1835-இல் 'ஆல்டிஹைடு' என்ற பெயரை உருவாக்கினார்.

ஆல்டிஹைடைக் காட்டும் சோதனைகள் எல்லாம் இரண்டு பண்புகளில் ஒன்றைப் பயன்படுத்துகின்றன. முதலாவது, கார்பனைல் தொகுதி நைட்ரஜன் சேர்மங்களோடும் பைசல்ஃபைட்டோடும் சேரும் தன்மை. இரண்டாவது, கார்பனைல் கார்பனில் ஒட்டியிருக்கும் அந்த ஹைட்ரஜனால் ஆல்டிஹைடு மிக எளிதில் ஆக்ஸிஜனேற்றமடைந்து அமிலமாவது. எந்தச் சோதனை எந்தப் பண்பைத் தொடுகிறது என்று தெரிந்துவிட்டால், அது எங்கே ஏமாற்றும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

முதலில் எந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்?

2,4-டைநைட்ரோபீனைல் ஹைட்ரசீன் சோதனையில் தொடங்குவதே நல்லது. பிரிட்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ஆஸ்கர் பிரேடியின் பெயரால் இதைப் பிரேடி கரணி (கரணி என்பது சோதனைக்காகச் சேர்க்கும் வேதிப்பொருள்) என்றும் சொல்வார்கள். இரண்டு மூன்று சொட்டுப் பொருளை எத்தனாலில் கரைத்து, இந்தக் கரணியைச் சேர்த்துக் குலுக்கினால், கார்பனைல் சேர்மம் இருக்கும்போது மஞ்சள், ஆரஞ்சு அல்லது சிவப்பு நிற வீழ்படிவு தோன்றும். பென்சால்டிஹைடில் இது பெரும்பாலும் சில விநாடிகளிலேயே குழாய் முழுவதும் கெட்டியாக நிறைந்துவிடும். எத்தனால் இங்கே கரைப்பானாகவே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்: சாதாரண ஆல்கஹால் இந்தக் கரணியோடு வீழ்படிவு தருவதில்லை என்பதால்தான் அது சாத்தியமாகிறது.

ஆனால் கீட்டோன்களும் (கார்பனைல் கார்பனின் இரு பக்கமும் கார்பனே இணைந்த சேர்மங்கள்) இதே வீழ்படிவைத் தரும். ஆகவே இந்தச் சோதனை ஆல்கஹாலை விலக்குமே தவிர, ஆல்டிஹைடை உறுதிசெய்யாது. மேலும், பென்சைல் ஆல்கஹால், சின்னமைல் ஆல்கஹால் போன்ற சில ஆல்கஹால்கள் கரணியாலேயே ஓரளவு ஆக்ஸிஜனேற்றமடைந்தோ, புட்டியில் இருக்கும்போதே சிறிது ஆல்டிஹைடாக மாறியோ, மெல்லிய வீழ்படிவைத் தரக்கூடும். வீழ்படிவு வந்ததா என்பதோடு எவ்வளவு வந்தது என்பதையும் எழுதிவையுங்கள். இந்தக் கரணியின் திடப்பொருள் முற்றிலும் உலர்ந்தால் வெடிக்கும் தன்மையுடையது. அதை ஈரத்தோடுதான் சேமிக்க வேண்டும்.

வெள்ளி ஆடிச் சோதனையைச் சரியாகச் செய்வது எப்படி?

இந்தச் சோதனைக்கு கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெர்ன்ஹார்டு டாலன்ஸ் பெயர் நிலைத்துவிட்டது. ஆல்டிஹைடு வெள்ளியைப் பளபளக்கும் படலமாகப் படியவைக்கும் என்பதை அவருக்கு முன்பே லீபிக் கண்டிருந்தார்.

சோதனைக் குழாயின் தூய்மையே இதில் பாதி வெற்றி. சோப்பு நீரில் கழுவிய குழாயை மிதமான சூட்டில் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலால் ஒருமுறை அலசி, பிறகு வாலை வடிநீரால் பலமுறை அலசுங்கள். குழாய்த் தண்ணீரால் அலசி நிறுத்திவிட வேண்டாம். கடலோர ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரைடு மிகுதி. அந்த நீர் சிறிது ஒட்டியிருந்தாலும் சில்வர் நைட்ரேட்டை ஊற்றியவுடன் பால் போல வெண்மையாகக் கலங்கிவிடும்.

5 சதவீத சில்வர் நைட்ரேட் கரைசல் ஒரு மில்லிலிட்டர் எடுத்து, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு சேர்த்தால், பழுப்பு நிறத்தில் சில்வர் ஆக்சைடு வீழ்படிவாகும். இப்போது நீர்த்த அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக, ஒவ்வொரு சொட்டுக்கும் குலுக்கிவிட்டுச் சேருங்கள். பழுப்பு மெல்ல இளகி, கரைசல் தெளிவதற்கு ஒரு கணம் முன்பே நிறுத்திவிடுவது என் வழக்கம். கடைசித் துகள் கரையாமல் சிறிது மிஞ்சியிருந்தால் குறையில்லை. அம்மோனியா அதிகமானால் வெள்ளி அயனி அம்மோனியாவோடு சேர்ந்த அணைவுச் சேர்மத்துக்குள் இறுகப் பிடிபட்டு, கரணியின் கூர்மை குறைந்துவிடும். பிறகு சோதிக்கும் பொருளில் இரண்டு சொட்டு சேர்த்து, ஏறத்தாழ 60 டிகிரி வெந்நீரில் குழாயை அசைக்காமல் நிறுத்தி வையுங்கள். சில நிமிடங்களில் கரைசல் முதலில் புகை படிந்ததுபோல மங்கி, பிறகு குழாயின் அடியிலிருந்து வெள்ளிப் படலம் ஏறத் தொடங்கும். கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவரின் முகம் மறைந்து, நம் முகம் தெரியும் அந்த நேரத்தில் வகுப்பறை முழுவதும் ஒரு குரல் எழும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு அது அலுக்கவில்லை.

ஆல்டிஹைடு இங்கே கார்பாக்சிலேட்டாக ஆக்ஸிஜனேற்றமடைகிறது. வெள்ளி அயனி எலக்ட்ரானைப் பெற்று உலோக வெள்ளியாகிறது. எத்தனால், பென்சைல் ஆல்கஹால் போன்ற சாதாரண ஆல்கஹால்களை ஆக்ஸிஜனேற்றும் வலிமை இந்த மென்மையான கரணிக்கு இல்லை.

ஆடி வராமல் கறுப்பாகப் படிந்தால் சோதனை தோல்வியா?

இல்லை. வெள்ளி நுண்துகளாகப் பிரிந்து கறுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் படிந்திருக்கிறது என்பதே பொருள், ஒடுக்கம் நடந்திருக்கிறது. குழாயில் எண்ணெய்ப் பசை இருந்தாலும், மிக வேகமாகச் சூடேற்றினாலும், குழாயை ஆட்டிக்கொண்டே இருந்தாலும் இப்படி ஆகும். நேர்மறை என்றே எழுதலாம். ஆனால் பொருள் எதுவும் சேர்க்காத வெற்றுக் குழாய் ஒன்றையும் அதே வெந்நீரில் வைத்திருந்தால்தான் அந்த முடிவுக்கு மதிப்பு உண்டு, ஏனெனில் நெடுநேரம் சூடேற்றினால் கரணி தானாகவும் கறுக்கக்கூடும்.

மிச்சமான டாலன்ஸ் கரணியை அடுத்த வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. வைத்திருக்கும் கரைசலில் சில்வர் நைட்ரைடு போன்ற, சிறு அசைவிலும் வெடிக்கக்கூடிய சேர்மங்கள் உருவாகும். தேவைக்கு மட்டும் அவ்வப்போது தயாரித்து, சோதனை முடிந்ததும் நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து அமிலமாக்கி, வெள்ளிக் கழிவுக்கான கலனில் ஊற்றிவிடுங்கள். ஆடி படிந்த குழாயைத் தூய்மையாக்கவும் அதே நைட்ரிக் அமிலம் உதவும்.

ஃபெலிங் கரைசலில் பென்சால்டிஹைடு ஏன் விடை தருவதில்லை?

ஃபெலிங் 'அ' கரைசலில் காப்பர் சல்ஃபேட்டும், 'ஆ' கரைசலில் ரோஷல் உப்பும் (சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட்) சோடியம் ஹைட்ராக்சைடும் உள்ளன. சமஅளவு கலந்தால் அடர்நீல நிறம் கிடைக்கும். அசிட்டால்டிஹைடு போன்ற அலிஃபாட்டிக் (பென்சீன் வளையம் இல்லாத) ஆல்டிஹைடைச் சேர்த்துச் சூடாக்கினால், நீலம் பச்சையாகி, பிறகு செங்கல் சிவப்பு நிறக் குப்ரஸ் ஆக்சைடு படியும். ஆல்கஹால்கள் நீலத்தை நீலமாகவே விட்டுவிடும். பென்சால்டிஹைடு போன்ற அரோமேட்டிக் (பென்சீன் வளையம் கொண்ட) ஆல்டிஹைடுகளும் அப்படியே விட்டுவிடும் என்பதுதான் இங்கே சிக்கல். எனவே ஃபெலிங் எதிர்மறையாக வந்தது என்பதற்காக, கையில் இருப்பது ஆல்கஹால் என்று எழுதிவிடக் கூடாது. டாலன்ஸ் நேர்மறை, ஃபெலிங் எதிர்மறை என்ற இணை, அரோமேட்டிக் ஆல்டிஹைடை நோக்கியே கை காட்டுகிறது.

காரணம் கேட்டால் பலரும் 'ஆல்ஃபா ஹைட்ரஜன் (கார்பனைலை அடுத்த கார்பனில் உள்ள ஹைட்ரஜன்) இல்லை' என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அது போதாது. ஃபார்மால்டிஹைடிலும் ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லை. அது ஃபெலிங் கரைசலை நன்றாகவே ஒடுக்குகிறது, சில வேளைகளில் உலோகத் தாமிரம் வரைக்கும் கொண்டுபோகிறது. பென்சீன் வளையத்தோடு இணைந்த கார்பனைல் தொகுதியின் வினைபுரியும் திறன் குறைவு என்பதையும், தாமிரம் வெள்ளியைவிட மென்மையான ஆக்ஸிஜனேற்றி என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான விடை.

ஷிஃப் கரணியைச் சூடாக்கக் கூடாது என்கிறார்களே, ஏன்?

ஹியூகோ ஷிஃப் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1866-இல் அறிவித்த சோதனை இது. ஃபியூக்சின் என்ற ஆழ்ந்த கருஞ்சிவப்புச் சாயத்தில் சல்ஃபர் டைஆக்சைடைச் செலுத்தினால் நிறம் மறையும். நிறமற்ற அந்தக் கரைசலில் ஆல்டிஹைடைச் சேர்த்தால் செவ்வூதா நிறம் திரும்பத் தோன்றும். ஆல்கஹால் நிறம் தராது.

சூடாக்கினால் சல்ஃபர் டைஆக்சைடு வாயுவாக வெளியேறிவிடும்; சாயம் தன் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும்; ஆல்டிஹைடே இல்லாத குழாயும் சிவக்கும். காரம் சேர்ந்தாலும் இதே தவறு நேரும். முந்தைய சோதனையில் சோடியம் ஹைட்ராக்சைடு பயன்படுத்திய குழாயைச் சரியாகக் கழுவாமல் ஷிஃப் சோதனைக்கு எடுத்த மாணவர், எத்தனாலை ஆல்டிஹைடு என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். அறை வெப்பநிலையில், தூய குழாயில், இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் தோன்றும் நிறத்தை மட்டுமே கணக்கில் எடுங்கள்.

இந்தக் கரணியின் பயன் ஆய்வக மேசையோடு முடியவில்லை. 1924-இல் ராபர்ட் ஃபாய்ல்கன், அமிலத்தால் பக்குவப்படுத்திய திசுவில் டிஎன்ஏவின் சர்க்கரைப் பகுதியில் வெளிப்படும் ஆல்டிஹைடுத் தொகுதிகளை ஷிஃப் கரணியால் நிறமேற்றி, உட்கருவைக் கண்ணுக்குக் காட்டினார்.

ஆரஞ்சு நிற டைகுரோமேட் பச்சையாவதைப் பார்த்தாலே போதாதா?

நான் அதிகம் திருத்தும் தவறு இதுதான். அமிலங்கலந்த பொட்டாசியம் டைகுரோமேட் ஆல்டிஹைடை ஆக்ஸிஜனேற்றும்; ஓரிணைய, ஈரிணைய ஆல்கஹால்களையும் ஆக்ஸிஜனேற்றும். எல்லாவற்றிலும் ஆரஞ்சு பச்சையாகும். பெர்மாங்கனேட்டின் ஊதா நிறம் மறைவதும் அப்படியே. இந்தச் சோதனைகள் மூவிணைய ஆல்கஹாலையும் கீட்டோனையும் ஒரு பக்கமாக ஒதுக்க உதவும். ஆல்டிஹைடையும் ஓரிணைய ஆல்கஹாலையும் பிரிக்க உதவா. 1954-இல் ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் உருவாக்கிய மூச்சுப் பரிசோதனைக் கருவி, குடித்தவரின் மூச்சில் உள்ள எத்தனாலை டைகுரோமேட்டின் நிறமாற்றத்தைக் கொண்டே அளந்தது என்பதை நினைவில் வைத்தால் இந்தத் தவறு நேராது.

அமிலங்கலந்த டைகுரோமேட்டில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. கையுறை இன்றித் தொடவும், கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றவும் வேண்டாம்.

அயோடோஃபார்ம் சோதனை?

எத்தனாலையும் அசிட்டால்டிஹைடையும் பிரிக்க அதைப் பயன்படுத்த முடியாது. இரண்டுமே மஞ்சள் நிற அயோடோஃபார்ம் படிகங்களைத் தரும்.

ஆல்டிஹைடு இல்லை என்று காட்டினால் போதுமா? ஆல்கஹாலை நேரடியாகக் காட்ட என்ன வழி?

'இது இல்லை' என்பது 'அதுதான்' என்று ஆகாது. ஆல்கஹாலுக்கெனத் தனிச் சோதனை ஒன்றாவது செய்தாக வேண்டும்.

எனக்குப் பிடித்தது செரிக் அம்மோனியம் நைட்ரேட் சோதனை. மஞ்சள் நிறக் கரணியில் சில சொட்டு ஆல்கஹால் விழுந்ததும் திராட்சைச் சாறுபோன்ற சிவப்பு நிறம் வரும். நேரம் செல்லச்செல்ல அந்தச் சிவப்பு மங்கும். ஆல்கஹால் தானே ஆக்ஸிஜனேற்றமடைந்து, சீரியத்தின் நிறமும் போய்விடுவதே காரணம். ஆகவே பார்த்த உடனே குறித்துக்கொள்ளுங்கள். பீனால்கள் இதில் பழுப்பு அல்லது பச்சை கலந்த வீழ்படிவைத் தரும், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சோடியம் உலோகத் துண்டைப் போட்டு ஹைட்ரஜன் நுரைத்தெழுவதைப் பார்ப்பது பழைய முறை. பொருளில் ஈரம் இருந்தால் தண்ணீரே சோடியத்தோடு வினைபுரிந்து நுரைக்கும். கடையில் வாங்கும் எத்தனாலில் நீர் இருப்பது வழக்கம். நீரற்ற கால்சியம் சல்ஃபேட் இட்டு உலர்த்திய பிறகே செய்ய வேண்டும், அதுவும் மிளகளவு சோடியத்துக்கு மேல் எடுக்காமல், அருகில் தீச்சுடர் இல்லாமல். அசிட்டிக் அமிலமும் அடர் கந்தக அமிலமும் சேர்த்துச் சூடாக்கி, நீரில் கொட்டி, பழமணத்தை முகர்வது இன்னொரு வழி.

தாமிரக் கம்பி முறையையும் செய்து பாருங்கள். கம்பியைச் சுருளாக்கித் தணலில் காட்டினால் மேற்பரப்பு கறுக்கும். சூடு இருக்கும்போதே, சுடரிலிருந்து விலக்கி, எத்தனாலில் முக்கினால் கருமை நீங்கிச் செம்பு பளிச்சென்று தெரியும். கூடவே அசிட்டால்டிஹைடின் காட்டமான மணம் எழும். பலமுறை முக்கிய பின் அந்தத் திரவத்தில் ஷிஃப் கரணியைச் சேர்த்தால், சற்றுமுன் நிறம் தராதிருந்த அதே எத்தனால் இப்போது செவ்வூதாவாகும். ஆல்கஹாலும் ஆல்டிஹைடும் எவ்வளவு நெருங்கிய உறவினர் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது.

புட்டியில் ஆல்டிஹைடு என்று எழுதியிருக்கிறது; சோதனை எதுவும் சரியாக வரவில்லை. ஏன்?

புட்டியின் வயதைப் பாருங்கள். பென்சால்டிஹைடு காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு மெல்ல வினைபுரிந்து பென்சாயிக் அமிலமாகிறது. மூடியைச் சுற்றியும் கழுத்திலும் வெண்படிகங்கள் ஒட்டியிருந்தால் அதுதான். சோடியம் பைகார்பனேட் கரைசலில் ஒரு சொட்டு விட்டால், அமிலத்தினால் நுரைத்தெழும்.

அசிட்டால்டிஹைடின் சிக்கல் வேறு. அதன் கொதிநிலை ஏறத்தாழ 20 டிகிரி. நம் ஊர் ஆய்வகத்தின் மே மாத வெப்பத்தில் குளிரூட்டாத புட்டியைத் திறந்தால், உள்ளே இருப்பது சீறிக்கொண்டு வெளியேறும். எத்தனாலின் கொதிநிலை 78 டிகிரி என்பதை இதோடு ஒப்பிடுங்கள். ஆல்கஹால் மூலக்கூறுகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்பு இருப்பதன் விளைவு அது.

ஒரே பொருள் இரண்டு வகைச் சோதனைகளுக்கும் விடை தந்தால் எதை நம்புவது?

இரண்டையும் நம்புங்கள். ஃபார்மலினை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 37 சதவீத ஃபார்மால்டிஹைடு கொண்ட நீர்க்கரைசல் அது. ஃபார்மால்டிஹைடு பலபடியாகி வெண்மையாகப் படியாமல் இருக்க, அதில் மெத்தனாலும் சேர்க்கப்படுவது வழக்கம். ஒரே புட்டியில் ஆல்டிஹைடும் ஆல்கஹாலும் இருக்கின்றன.

குளுக்கோஸ் இன்னும் சுவையானது: ஒரே மூலக்கூறில் ஒரு ஆல்டிஹைடுத் தொகுதியும் ஐந்து ஹைட்ராக்சில் தொகுதிகளும் உள்ளன. டாலன்ஸ், ஃபெலிங் இரண்டையும் அது ஒடுக்கும். சர்க்கரை நோயாளியின் சிறுநீரை, ஃபெலிங்கைப் போலவே தாமிரம் கொண்ட பெனிடிக்ட் கரைசலோடு கொதிக்கவைத்து நிறம் பார்த்த காலமும் இருந்தது. ஆனால் ஷிஃப் கரணியோடும் சோடியம் பைசல்ஃபைட்டோடும் குளுக்கோஸ் வினைபுரிவதில்லை, ஏனெனில் கரைசலில் அது ஏறக்குறைய முழுவதும் வளைய வடிவில் இருக்கிறது. திறந்த ஆல்டிஹைடு வடிவம் மிகமிகச் சிறிய பங்கே. கீட்டோன் தொகுதி கொண்ட ஃப்ரக்டோஸ்கூட டாலன்ஸ் கரணியை ஒடுக்கும், காரத்தில் அது மறுசீரமைப்பு அடைவதால். ஃபார்மிக் அமிலமும் வெள்ளியை ஒடுக்கும்.

இந்தச் சோதனைகளுக்கு வகுப்பறைக்கு வெளியே என்ன பயன்?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனாலும் எத்தனாலும் பார்வைக்கு ஒன்று, இரண்டும் ஆல்கஹால், செரிக் அம்மோனியம் நைட்ரேட் இரண்டையும் சிவப்பாகவே காட்டும். அவற்றைப் பிரிக்கும் பழைய, நம்பகமான வழிகளில் ஒன்று, ஆல்கஹாலை ஆல்டிஹைடாக்கிச் சோதிப்பதுதான்.

மாதிரியைப் பாஸ்ஃபாரிக் அமிலம் கலந்த பெர்மாங்கனேட்டால் ஆக்ஸிஜனேற்றினால், மெத்தனால் ஃபார்மால்டிஹைடாகும், எத்தனால் அசிட்டால்டிஹைடாகும். மிச்சமுள்ள பெர்மாங்கனேட்டைப் பைசல்ஃபைட்டால் நிறம் நீக்கிவிட்டு, குரோமோட்ரோபிக் அமிலத்தையும் அடர் கந்தக அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கினால், ஃபார்மால்டிஹைடு இருக்கும் குழாய் ஊதா நிறமாகும்; அசிட்டால்டிஹைடு அந்த ஊதாவைத் தராது. மெத்தனால் இல்லாத தூய எத்தனாலை அதே படிகளில் கொண்டுபோன ஒப்பீட்டுக் குழாய் பக்கத்தில் இருக்க வேண்டும். வாயு நிறப்பகுப்பியல் கருவி இருக்கும் ஆய்வகங்களில் அளவை அதுவே துல்லியமாகச் சொல்லிவிடும்.

குடித்தவரின் கல்லீரலிலும் இதே ஆக்ஸிஜனேற்றம்தான் நடக்கிறது. நொதி மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. பார்வை நரம்பைத் தாக்குவது அந்த அமிலம்.